மழை விடட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு ஊர் தஞ்சாவூர் பக்கம். கணவர் வேலைக்காக இங்கிலாந்து வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மான்செஸ்டருக்கு வடக்கே வாடகை வீடு, 7 வயதில் பையன், 3 வயதில் பெண். அக்டோபரில் பிடித்த மழை ஜனவரி வந்தும் விடவில்லை. துணி காயவே மாட்டேன் என்கிறது, வீடு முழுக்க ரேடியேட்டர் மேல்தான் கிடக்கிறது. பெட்ரூம் அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துப் போய்விட்டது, சின்னவளுக்கு ராத்திரியானால் இருமல். எனக்கோ காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. பையனைக் காரில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து மறுபடி படுத்துவிடுகிறேன். சாயங்காலமானால் சோறு, பிஸ்கட், முறுக்கு என்று கை போய்க்கொண்டே இருக்கிறது, ஏழு கிலோ ஏறிவிட்டேன். காரணமில்லாமல் அழுகை வருகிறது. போன வருஷமும் இப்படித்தான் இருந்தது, ஏப்ரலில் தானாகச் சரியானது. கணவர் "வெதர்தானே, பழகிடும்" என்கிறார். மாமியார் "நம்ம ஊர்ல பெய்யாத மழையா" என்கிறார். சில நாள் சாயங்காலம் இருந்தென்ன, போயென்ன என்று தோன்றுகிறது. இது வியாதியா, என் சோம்பேறித்தனமா? ஏதோ விளக்கு விற்கிறார்களாமே, அது வாங்கலாமா? இந்த மழையில் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்கள், ஈரம் உள்ளே வராதா? பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா?

பதில்:

சகோதரி, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "இருந்தென்ன, போயென்ன" என்று. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். அப்படித் தோன்றுவதைக் கணவரிடம் இன்றைக்கே, இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் ஜி.பி.யிடம், அதாவது உங்கள் குடும்ப மருத்துவரிடம், நேரம் வாங்கி அவரிடமும் சொல்லுங்கள். அந்த எண்ணம் அழுத்தமாக வந்தாலோ, உயிரை விடுவதற்கு இன்ன வழி என்று மனம் போகத் தொடங்கினாலோ, நேரம் பார்க்க வேண்டாம்: 111-ஐ அழைத்து 2-ஐ அமுக்கினால் மனநல உதவிக்குப் போகும், ராத்திரி பகல் எந்நேரமும் இருக்கும். ஆபத்து என்றால் 999. யாரிடமாவது பேசினால் போதும் என்றால் 116 123-இல் சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பினர் இருக்கிறார்கள், அந்த அழைப்புக்குக் காசு கிடையாது. ஆங்கிலத்தில் இதையெல்லாம் சொல்ல வாய் வராது என்றால், ஜி.பி.யிடம் நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். பையனையோ கணவரையோ வைத்து மொழிபெயர்க்க வேண்டாம், அவர்கள் எதிரில் சொல்ல முடியாதது எவ்வளவோ இருக்கும்.

இனி, சோம்பேறித்தனமா என்று கேட்டீர்களே. இல்லை. உங்களை நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் சூட்ட மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியிருப்பது குளிர்கால மனச்சோர்வுக்கு அப்படியே பொருந்துகிறது. சாதாரண மனச்சோர்வில் பலருக்குத் தூக்கம் போகும், பசி போகும், உடம்பு இளைக்கும். இதில் தலைகீழ்: தூக்கம் கூடும், மாவும் சர்க்கரையுமாகத் தின்னத் தோன்றும், எடை ஏறும், கை கால் கனத்துப்போய் எதற்கும் எழ மனம் வராது. அமெரிக்காவில் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவரும் கூட இருந்தவர்களும் 1984-இல் இதைத் தனி நோயாக விவரித்து எழுதினார்கள். அடுத்தடுத்து இரண்டு குளிர்காலமாவது வந்து, வசந்தத்தில் தானாக விலகினால் சந்தேகம் வலுக்கும். உங்களுக்கு இது இரண்டாவது வருஷம், போன ஏப்ரலில் விட்டுப்போனதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாயங்காலம் முறுக்கு டப்பாவைத் தேடிப் போகும் கையும் இந்த நோயின் வேலைதான், அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

மாமியாரின் கேள்வியும் நியாயமானதுதான். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று பார்த்து வளர்ந்தவர் அவர். சொல்லப்போனால் அளவில் நம் ஊர் மழைதான் பெரிது. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது, மான்செஸ்டரில் 900 மி.மீ. கூட இல்லை. ஆனால் சென்னைக்காரருக்கு அந்த 1,400-உம் ஏறக்குறைய 60 நாளில் கொட்டித் தீர்ந்துவிடும், இங்கே அந்தக் குறைந்த மழை ஏறக்குறைய 150 நாளுக்கு இழுத்துக்கொண்டு போகும். அட்லாண்டிக்கிலிருந்து மேற்குக் காற்று ஈரத்தை அள்ளி வருகிறது, உங்கள் ஊருக்குக் கிழக்கே பென்னைன் மலைத்தொடர் நிற்கிறது, மலையேற வேண்டிய மேகமெல்லாம் உங்கள் தலைமேல்தான் பிழிந்துவிட்டுப் போகிறது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அந்தத் தூவானமே இங்கே சீசன். அதோடு வெளிச்சக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். டிசம்பர் 21 வாக்கில் தஞ்சாவூரில் பகல் பதினொன்றரை மணி நேரம். உங்கள் ஊரில் ஏழரை மணி நேரம்தான்: காலை எட்டே காலுக்கு மேல் சூரியன் உதிக்கிறது, நாலு மணிக்கு முன்னாலேயே மறைகிறது, இடையில் இருப்பதையும் மேகம் மூடிக்கொள்கிறது. நம் ஊர் மழையில் நனைந்தவர்களுக்கு இந்த இருட்டில் பழக்கம் இல்லை. மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான். நாம் எல்லோரும் ஊரிலிருந்து ஒரு பழக்கத்தைக் கொண்டு வந்திருக்கிறோம், "மழை விடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பது. மழை வந்தால் கதவைச் சாத்து, குழந்தையை உள்ளே கூப்பிடு, துணியை உள்ளே எடு, நாளைக்கு வெயில் அடிக்கும். அங்கே அது சரியான புத்தி, ஏனென்றால் அங்கே நிஜமாகவே நாளைக்கு வெயில் அடிக்கும். இங்கே அந்தப் புத்தியோடு இருந்தால் அக்டோபரில் சாத்திய கதவை ஏப்ரலில்தான் திறப்போம். வெளிச்சம் படாமல் உடம்பும், காற்றுப் படாமல் வீடும் கெட்டுப்போவது அந்த ஆறு மாதத்தில்தான். நான் இங்கே குடும்ப மருத்துவர். நவம்பரிலிருந்து மார்ச் வரை நம் ஊர்ப் பெண்கள் பலர் வெவ்வேறு புகாரோடு வருகிறார்கள், தலைவலி, முதுகுவலி, குழந்தைக்குச் சளி, தூக்கம் சரியில்லை என்று. வெளியே போய் எவ்வளவு நாளாச்சு என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

ஆகவே முதல் மருந்து காலை வெளிச்சம். மேகமாய் இருக்கும்போது வெளியே போய் என்ன பிரயோஜனம் என்று நினைப்பீர்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். உங்கள் வரவேற்பறையில் எல்லா விளக்கையும் போட்டாலும் 100 முதல் 300 லக்ஸ் தேறும். வெளியே நல்ல மூட்டமான குளிர்கால மதியத்தில்கூட ஆயிரம் முதல் சில ஆயிரம் லக்ஸ் வரை இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல மங்கலாகத் தெரியும், மூளைக்குள் இருக்கிற கடிகாரத்துக்கு வித்தியாசம் தெரியும். விழிப்பையும் தூக்கத்தையும் நடத்துகிற அந்தக் கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. நீங்கள் இருட்டில் எழுந்து, காரில் ஏறி, திரும்பி வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தால் அதற்குப் பொழுது விடிந்ததே தெரியாது.

பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. நடக்கிற தூரமென்றால் காரை விட்டுவிட்டு நடங்கள். தூரமென்றால் பையனை விட்டபின் காரை அங்கேயே நிறுத்திவிட்டு, சின்னவளைத் தள்ளுவண்டியில் வைத்து அரை மணி நேரம் நடந்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அப்புறம் கிளம்ப மனசு வராது, அதனால் நுழைவதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். மழை பெய்தாலுமா? பெய்தாலும்தான். ஆனால் நாள் முழுக்க மழை என்று போட்டிருக்கும் நாளில் பாதிக்கு மேல் சும்மா மூட்டமாகத்தான் இருக்கும். போனில் நாள் கணக்கைப் பார்க்காமல் மணிக்கணக்கைப் பாருங்கள், ரேடார் படத்தில் மழைப்பட்டை எப்போது தாண்டிப் போகிறது என்று பாருங்கள், இடைவெளி தெரியும்.

இதற்குக் கொஞ்சம் செலவு செய்தே ஆக வேண்டும். குடையை நம்பாதீர்கள், இங்கே காற்று அதைப் பிய்த்துப் போட்டுவிடும், தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு குடை பிடிக்கவும் முடியாது. தண்ணீர் உள்ளே இறங்காத, தலைமூடி வைத்த ஜாக்கெட் ஒன்று, மேலே போட்டுக்கொள்ளும் மழைக் கால்சட்டை ஒன்று, ரப்பர் பூட்ஸ். குழந்தைகளுக்கு ஒரே உருப்படியாக மேலிருந்து கீழ்வரை மூடும் மழை உடை கிடைக்கிறது. எல்லாம் புதிதாக வாங்க வேண்டியதில்லை, குழந்தைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவதால் சாரிட்டி கடைகளில் நன்றாக இருப்பதே கிடைக்கும். மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்று நீங்கள் பயப்படுவது தெரியும். சளியைக் கொடுப்பது வைரஸ், அது அடைத்த அறைக்குள் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும்போதுதான் பெரும்பாலும் தொற்றுகிறது. நனைந்தால் வந்ததும் துடைத்து, உலர்ந்த உடுப்பு மாற்றிவிட்டு, சூடாக ஒரு டம்ளர் ஏதாவது கொடுங்கள், போதும்.

சரி, விளக்கு, அதாவது வெயிலுக்குப் பதிலாக முகத்துக்குப் பிரகாசமான வெளிச்சம் தரும் விளக்கு. வாங்கலாம். அது எல்லோருக்கும் வேலை செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆராய்ச்சி முடிவுகளும் ஒன்றுபோல இல்லை, அதனால் ஜி.பி. அதை எழுதித் தர மாட்டார், கைக்காசுதான். ஆனாலும் பலருக்குப் பயன்படுவதைப் பார்த்திருக்கிறேன். வாங்குவதென்றால் 10,000 லக்ஸ் என்று போட்டிருக்க வேண்டும். எவ்வளவு தூரத்தில் வைத்தால் அந்த 10,000 கிடைக்கும் என்பதையும் பாருங்கள், பெரும்பாலும் ஒரு முழத்துக்கும் குறைவான தூரம்தான், அறையின் மூலையில் வைத்தால் அது வெறும் அலங்கார விளக்கு. காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, காபி குடித்துக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ அரை மணி நேரம் உட்காருங்கள். அதை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம், சாயங்காலம் போடவே வேண்டாம், தூக்கம் கெடும். கண் விழித்திரையில் கோளாறு உள்ளவர்களும், உங்களுக்கோ குடும்பத்திலோ அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வருகிற பைபோலார் நோய் இருந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்க வேண்டும்.

வைட்டமின் டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை இங்கே வெயில் அடித்தாலும் தோல் வைட்டமின் டி செய்கிற அளவுக்கு அதில் புற ஊதாக் கதிர் இருக்காது. அதனால் குளிர்காலத்தில் எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் எடுப்பதைப் பற்றி யோசிக்கும்படி இங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். சொல்கிறது. நம்மைப்போல் கறுத்த தோலுக்கு வருஷம் முழுக்கவும் தேவைப்படலாம், ஒன்று முதல் நாலு வயதுக் குழந்தைக்கும் வருஷம் முழுக்க. சூப்பர் மார்க்கெட்டிலேயே மலிவாகக் கிடைக்கும். ஆனால் இது எலும்புக்கும் தசைக்கும்தான். இதைச் சாப்பிட்டால் மனச்சோர்வு போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஊரிலிருந்து வாரம் ஒன்று போடுகிற பெரிய டோஸ் மாத்திரையை அம்மா அனுப்பியிருந்தால், அதையும் இதையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து ஜன்னல். இந்தக் கேள்வி மிக நல்ல கேள்வி, இதில்தான் நம் ஊர் அனுபவம் நம்மை நேர் எதிர்த்திசையில் கொண்டுபோய் விடுகிறது. தஞ்சாவூரில் மழை பெய்யும்போது வெளிக்காற்று 25 டிகிரி வாக்கில் இருக்கும், ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் தண்ணீர் ஆவியாக இருக்கும். ஜன்னலைத் திறந்தால் அது அப்படியே உள்ளே வரும், அப்பளம் நமுத்துப்போகும். உங்கள் ஊரில் ஜனவரி மழையில் வெளிக்காற்று 5 டிகிரி. குளிர்ந்த காற்றுக்கு ஈரத்தைச் சுமக்கும் சக்தி குறைவு. முழுக்க ஈரமாகவே இருந்தாலும் அந்த ஒரு கன மீட்டரில் 7 கிராம் தண்ணீர்கூட இருக்காது. அதே காற்று உங்கள் வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால், ஈரப்பதம் 40 சதவீதம்தான், அதாவது உலர்ந்த காற்று. ஆக, வெளியே மழை கொட்டும்போது ஜன்னலைத் திறந்தாலும் உங்கள் வீடு காயத்தான் செய்யும். மழைத்துளி உள்ளே சாரல் அடிக்காத பக்கமாகப் பார்த்து, எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைக் காலையில் பத்து நிமிஷம், சமையல் முடிந்ததும் பத்து நிமிஷம் நன்றாகத் திறந்து மூடுங்கள். சுவரும் சாமான்களும் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் அந்தப் பத்து நிமிஷத்தில் ஹீட்டிங் காசு பெரிதாக வீணாகாது. நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைத்தால்தான் சுவர் குளிர்ந்துவிடும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு மெஷின் துணியை உள்ளே காயவைத்தால் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் தினமும் ஒரு மெஷின் ஓடும். அதற்கு மேல் குளியல், சாதம் வடிப்பது, இட்லிப் பானை, நாலு பேர் விடும் மூச்சு. இதெல்லாம் ராத்திரியில் வீட்டிலேயே குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய்த் தண்ணீராகப் படியும். காலையில் பெட்ரூம் ஜன்னல் கண்ணாடியின் கீழ் விளிம்பில், ரப்பர் ஓரத்தில், தண்ணீர் கோடு கட்டி நிற்கிறதல்லவா? வெளிச்சுவரில் ஒட்டினாற்போல வைத்த அலமாரிக்குப் பின்னால் காற்றே போகாத இடத்திலும் இதேதான் நடக்கிறது, அங்கே உங்கள் கண்ணுக்குப் படவில்லை, பூஞ்சைக்கு வசதியாகிவிட்டது. அந்த ஜன்னல் தண்ணீரைத் தினமும் பழந்துணியால் ஒற்றிச் சிங்க்கில் பிழிந்துவிடுங்கள், துணியை ரேடியேட்டரில் போட்டால் அதே தண்ணீர் திரும்பக் காற்றுக்குத்தான் போகும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் முன்னால் இழுத்துப் போடுங்கள்.

துணியை வீடு முழுக்கப் பரப்புவதை நிறுத்துங்கள். மெஷினில் கடைசிச் சுற்றை இன்னொரு முறை வேகமாக ஓடவிட்டுப் பிழிந்து, ஒரே அறையில், குளியலறை என்றால் நல்லது, கொடியில் போட்டுக் கதவைச் சாத்தி எக்ஸ்ஹாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். கையில் காசு இருந்தால், விளக்குக்கு முன்னால் இதற்குத்தான் செலவு செய்யச் சொல்வேன்: ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர். விலை நூறு பவுண்டைத் தாண்டும். ஆனால் 200 வாட்ஸ் மெஷின் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து ஆறு பென்ஸ்தான் கரண்ட், டம்பிள் டிரையரை விட எவ்வளவோ மேல். துணி இருக்கும் அறையில் கதவைச் சாத்தி வைத்தால் ராத்திரி போட்ட துணி காலையில் காய்ந்திருக்கும். அந்தத் தொட்டியில் சேரும் தண்ணீரை ஒருமுறை பார்த்தால், இத்தனை நாளும் இதையா சுவாசித்தோம் என்று இருக்கும். பத்துப் பவுண்டுக்குள் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் வாங்கிப் பெட்ரூமில் வையுங்கள், 40-க்கும் 60-க்கும் இடையில் நிற்கட்டும். ஹீட்டிங்கை ராத்திரி ஒரு மணி நேரம் கொளுத்திவிட்டு அணைப்பதற்குப் பதில், நீங்கள் இருக்கும் அறைகளை 18 டிகிரியில் சீராக வைக்க முடிந்தால் சுவர் வேர்ப்பது குறையும். கட்டணம் கையைக் கடிக்கிறது என்றால் குழந்தைகள் படுக்கும் அறைக்கு முதலிடம் கொடுங்கள்.

கறுத்த இடம் ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் நீங்களே துடைக்கலாம். மாஸ்க், கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, அறைக்கதவை மூடி, குழந்தைகளை வேறு அறையில் விட்டுவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் பூஞ்சைத் தூள் அறை முழுக்கப் பறக்கும். பிளீச்சோடு வேறு எந்தக் கிளீனரையும் கலக்காதீர்கள். அதைவிடப் பெரிய இடமென்றாலோ, துடைத்தும் திரும்பத் திரும்ப வந்தாலோ, அது வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் பார்க்க வேண்டிய வேலை. கூரை ஓடு, மழைநீர்க் குழாய், ஓடாத ஃபேன், சுவருக்குள் ஏறும் ஈரம், இதையெல்லாம் நீங்கள் துடைத்துத் தீர்க்க முடியாது. போனில் சொல்லாதீர்கள், மின்னஞ்சலில் எழுதுங்கள். தேதியோடு படம் எடுத்து இணையுங்கள், "3 வயதுக் குழந்தைக்கு ராத்திரி இருமல்" என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். "நீங்கள் நிறையச் சமைக்கிறீர்கள், அதனால்தான்" என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே ராச்டேலில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, குடியிருந்த வீட்டுப் பூஞ்சையால் மூச்சுக் கோளாறு வந்து இறந்துபோனது. அந்தப் பெற்றோர் பலமுறை முறையிட்டவர்கள், அவர்களுடைய வாழ்க்கை முறைதான் காரணம் என்று வீட்டு நிர்வாகம் கருதியது. 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி பூஞ்சைதான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னார், அந்தக் குழந்தையின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்து 2025 அக்டோபரில் சமூக வீடுகளுக்கு, அதாவது கவுன்சிலும் வீட்டு வசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு, நடைமுறைக்கு வந்தது. உங்களுடையது தனியார் வாடகை வீடு என்றாலும், வாழத் தகுந்த நிலையில் வீட்டை வைத்திருப்பது இங்கிலாந்தில் வீட்டுக்காரரின் சட்டக் கடமை. பதில் வரவில்லையென்றால் உங்கள் உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள், அவர்கள் வந்து வீட்டைப் பார்க்கலாம்.

சின்னவளை ஜி.பி.யிடம் காட்டியே ஆக வேண்டும். ராத்திரி இருமல் வாரக்கணக்கில் நீடித்தால் ஆஸ்துமாவா என்று பார்ப்பார்கள். மூச்சு விடும்போது விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுத்தாலோ, வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ காத்திருக்காமல் 999. அவள் கட்டில் அந்தக் கறுத்த சுவர் உள்ள அறையில் இருந்தால் இன்று ராத்திரியே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

உங்களுக்கான மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், பத்து நிமிஷம்தான் கிடைக்கும். எப்போது ஆரம்பித்தது, போன வருஷம் எப்போது போனது, தூக்கம், எடை, அழுகை, அந்த எண்ணம். ரத்தப் பரிசோதனை கேளுங்கள்: இரும்புச் சத்து, தைராய்டு, பி12. இந்த மூன்றில் எது குறைந்தாலும் இதே அசதி வரும், நம் பெண்களுக்கு, அதுவும் சைவம் என்றால், இரும்பும் பி12-உம் குறைந்திருப்பது சர்வ சாதாரணம். பேச்சு சிகிச்சைக்கு இங்கிலாந்தில் ஜி.பி. சிபாரிசுகூடத் தேவையில்லை, என்.எச்.எஸ். பேச்சு சிகிச்சைப் பிரிவில் நீங்களே பெயர் கொடுக்கலாம். மாத்திரை தந்தால் பயப்படாதீர்கள். அது போதை மாத்திரை கிடையாது, பலன் தெரிய சில வாரம் ஆகும், நன்றாயிருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. கர்ப்பமாகத் திட்டமிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கணவருக்கு இதைப் படிக்கக் கொடுங்கள். தம்பி, "பழகிடும்" என்று நீங்கள் ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பீர்கள், ஆனால் இது பழகுகிற விஷயம் இல்லை. நீங்கள் ஆபீசுக்குப் போகிறீர்கள், நாலு பேரைப் பார்க்கிறீர்கள், பஸ்ஸுக்காகவாவது வெளியே நிற்கிறீர்கள். அவர் நாலு சுவருக்குள் ஈரத் துணிக்கு நடுவில் ஒரு குழந்தையோடு இருக்கிறார். சனி ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வெளியே போங்கள், கடைக்குப் போவதை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாளாவது குழந்தைகளை நீங்கள் பார்த்துக்கொண்டு அவரைத் தனியாக வெளியே அனுப்புங்கள். அவருடைய ஜி.பி. சந்திப்பன்று லீவு போடுங்கள்.

உங்களுக்கும் மனிதர்கள் வேண்டும், சகோதரி. உங்கள் பகுதி நூலகத்தில் சின்னக் குழந்தைகளுக்குப் பாட்டு, கதை நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இலவசம், சூடான இடம், உங்களைப் போலவே தூங்கி வழியும் தாய்மார்கள் இருப்பார்கள். மான்செஸ்டர் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய, வார இறுதித் தமிழ் வகுப்பு நடக்கும் இடம் தேடுங்கள். அங்கே இரண்டு பேரிடம் இந்தச் சோர்வைப் பற்றி வாய் திறந்து சொன்னால், அதில் ஒருவராவது "எனக்கும்தான்" என்று சொல்வார்.

ஊருக்குத் திரும்புவதா? அதை இப்போது முடிவு செய்யாதீர்கள். தப்பான முடிவு என்று சொல்லவில்லை, சரியானதாகக்கூட இருக்கலாம். ஆனால் ஜனவரியில் இந்த மனநிலையில் எடுக்கிற முடிவு உங்களுடையதாக இருக்காது. மே மாதம், ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும்போது இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அப்போதும் போகத்தான் தோன்றினால் போங்கள். வருஷம் ஒருமுறைதான் ஊருக்குப் போக முடியும் என்றால் அதை ஆகஸ்டில் செலவழிக்காமல், பள்ளி விடுமுறையோடு ஒட்டி டிசம்பரிலோ பிப்ரவரியிலோ வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள், டிக்கெட் கூடுதல்தான், ஆனால் இங்கே பளிச்சென்று இருக்கும் ஆகஸ்டை விட்டுவிட்டு அங்கே போய் வெயில் காய்வதில் அர்த்தமில்லை.

கணக்குக்காகச் சொல்கிறேன், இருட்டு ஏற்கனவே திரும்பத் தொடங்கிவிட்டது. சூரியன் சீக்கிரம் மறையும் நாள் டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே முடிந்துவிடும், காலை மட்டும்தான் ஜனவரி வரை தாமதமாக விடிகிறது. பிப்ரவரி நடுவில் உங்கள் ஊரில் ஐந்தே காலுக்குத்தான் சூரியன் மறையும், மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை முன்னால் தள்ளியதும் ஏழரைக்கு மேல் வரை வெளிச்சம் இருக்கும். நடையும் விளக்கும் தொடங்கி மூன்று நாலு வாரத்தில் கொஞ்சமும் மாற்றமில்லை என்றால் வசந்தம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் ஜி.பி.யிடம் திரும்பப் போங்கள். சரியாகிவிட்டால் ஏப்ரலில் எல்லாவற்றையும் மறந்துவிடுவோம், அதுதான் வழக்கம். அதனால் போனில் இப்போதே ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள், செப்டம்பர் 15-க்கு: விளக்கை எடுத்துத் துடைக்க, காலை நடையை ஆரம்பிக்க, மழைநீர்க் குழாயைப் பார்க்கச் சொல்லி வீட்டுக்காரருக்கு எழுத, குழந்தைகளுக்குப் பூட்ஸ் அளவு பார்க்க.